பரணில் ஒரு கொள்ளுப்பாட்டி: கேள்வி-பதில்

தாத்தா ஸ்டுடியோ வைத்திருந்தவர். பரணில் ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடி நெகட்டிவ்கள். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். போட்டுவிடலாமா?
(எடமலைப்பட்டி புதூர் வாசகர்)

அவரை அனுப்பிவிடுங்கள், பெட்டி இருக்கட்டும். பிலிம் பரவும்வரை முகங்கள் பெரும்பாலும் கண்ணாடியில்தான் பதிந்தன. பிறகு ஸ்டுடியோக்காரர்களே படத்தைச் சுரண்டிவிட்டு, கண்ணாடியை ஃபிரேம் போட விற்றதும் உண்டு. அதற்கெல்லாம் தப்பி உங்கள் பரணுக்கு வந்தவர்களை எடைக்குப் போடுவது அநியாயம்.

கொள்ளுப்பாட்டி சுமங்கலி. படத்தில் நெற்றியில் கரும்பொட்டு. ஏன்?
(உறையூர் வாசகி)

குங்குமம்தான் அம்மா! அந்தக் காலக் கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. நீலம்தான் நன்றாகத் தெரியும். அதனால் அரக்குப் புடவை கறுக்கும், நீலப் புடவை வெளுக்கும். மஞ்சள் பூசிய முகமும் மங்கும். போதாக்குறைக்கு, தகட்டின் மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்து அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் மறைப்பார்கள். படத்தை வைத்துப் பாட்டியின் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

மடிசார் கட்டிய பாட்டிக்குத் தலைப்பு வலத் தோளில். படம் இடவலம் மாறிவிட்டதா?
(ஸ்ரீரங்கம் வாசகர்)

ஐயங்கார் வீடென்றால் சந்தேகம் நியாயம். தலைப்பு இடத் தோளில் வர வேண்டும். ஐயர் வீடென்றால் வலத் தோள்தான் சரி, படம் நேராக இருக்கிறது. பக்கத்தில் தாத்தா வெற்றுடம்போடு நின்றால் பூணூலைப் பாருங்கள், அது இடத் தோளில் இருக்க வேண்டும். தகட்டில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மங்கல் பக்கத்தில்தான் படம் ஒட்டியிருக்கிறது. பளபளப்புப் பக்கம் உங்களைப் பார்த்திருந்தால்தான் உருவம் நேராகத் தெரியும். மாற்றிப் பிடித்து ஸ்கேன் செய்தால் ஐயங்கார் பாட்டி ஐயர் பாட்டியாகிவிடுவார்!

யாருமே சிரிக்கவில்லையே?
(தில்லைநகர் வாசகர்)

அன்று படம் பதிய வினாடிக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அத்தனை நேரம் சிரித்துப் பாருங்கள்.

அழுக்கும் பூசணமுமாக இருக்கிறது. கழுவலாமா?
(பாலக்கரை வாசகி)

கூடவே கூடாது. படத்தைத் தாங்குவது ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊறும், வெந்நீரில் கரைந்தே போகும். விளிம்பைப் பிடித்து எடுத்து, பளபளப்புப் பக்கத்துத் தூசியை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாளில் சுற்றி, நீளவாட்டு விளிம்பில் நிறுத்தி வையுங்கள். உடைந்ததைப் படுக்க வையுங்கள்; செல்லோடேப் ஒட்டாதீர்கள்.

எங்கள் ஊர்ப் படங்களை யார் மதிப்பார்கள்?
(எடமலைப்பட்டி புதூர் வாசகி)

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் திருச்சி மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தார். அவர் நாடி வந்தது பாறையையும் கோபுரத்தையும். நம் வீட்டு மனிதர்களை முகம் முகமாகப் பதிந்தது உள்ளூர் ஸ்டுடியோக்கள்தான். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழக ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. கும்பகோணம் நல்லபிள்ளை ஸ்டுடியோ படங்களும் அதில் உண்டு. அவர்களிடம் ஆலோசனை கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் செல்போனில் படமெடுத்து, நிறங்களைத் தலைகீழாக்கி, வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை உறைத்தாளில் பென்சிலால் எழுதுங்கள். தகடு இன்னும் நூறாண்டு தாங்கும். பெயர் தெரிந்தவர்கள் அப்படியில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.