ஐந்தரை வயதில் சுயசரிதை எழுதுவது எப்படி?

ஒன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் 'குழந்தை தன்னைப் பற்றி 200 சொற்களுக்குள் எழுதுக' என்று ஒரு கட்டம் இருந்தால் பதறாதீர்கள். குழந்தைக்கு இன்னும் 'ழ' எழுத வராதது ஒரு பொருட்டே அல்ல. எழுதப்போவது நீங்கள்தானே!

உ.வே.சாமிநாதையர் எண்பது வயதைத் தாண்டிய பிறகுதான் 'என் சரித்திரம்' எழுதினார். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது, 1942இல் அவர் காலமானபோதும் முடிந்திருக்கவில்லை. உங்களுக்குக் கெடு திங்கட்கிழமை. ஆகவே பாட்டன், பூட்டன், பூர்வீகம் என்று இழுக்காமல், அப்பாவின் உத்தியோகமும் அம்மாவின் பட்டமும் முதல் வரியிலேயே தற்செயலாக வந்து விழும்படி செய்யுங்கள். 'மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருக்கும் என் தந்தையுடன் தினமும் பூங்காவுக்குப் போவேன்' என்பது நல்ல தொடக்கம். அப்பா கடைசியாகப் பூங்காவுக்குப் போனது எப்போது என்று யாரும் கேட்கப்போவதில்லை. சொந்த வீடு என்பதையும் சொல்லியாக வேண்டும். 'எங்கள் மொட்டை மாடித் தோட்டத்தில்' என்று எழுதினால் போதும்.

காந்தியை மட்டும் பின்பற்றிவிடாதீர்கள். சிறுவயதில் சிகரெட் துண்டு பொறுக்கியதையும், வேலைக்காரரின் காசைத் திருடியதையும் 'சத்திய சோதனை'யில் அப்படியே எழுதிவைத்தார். அவருக்கென்ன, அட்மிஷனா வேண்டியிருந்தது? பக்கத்து வீட்டுக் காரின் மேல் உங்கள் பையன் ஆணியால் யானை வரைந்திருந்தால், 'ஓவியத்தில் இயல்பான நாட்டம்'. தங்கையைக் கடித்திருந்தால் அந்தப் பத்தியே வேண்டாம்.

பொழுதுபோக்கு, செஸ். சென்னையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான். லட்சியம், கலெக்டர். பையன் குப்பை லாரி ஓட்டவேண்டும் என்றுதான் சொல்வான். (நியாயமான ஆசைதான். அந்த லாரிக்கு எல்லோரும் வழி விடுகிறார்கள்.) ஆனாலும் கலெக்டர் என்றே எழுதி, நேரில் கேட்டால் மாற்றிச் சொல்லாதபடி பழக்கிவிடுங்கள். சாக்லேட் செலவாகும்.

கடைசியாக ஒரு தகவல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது என்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். இது உங்களுக்குத் தெரியும் என்பதைச் சுயசரிதையில் காட்டிக்கொள்ளாதீர்கள்.