பெரு நாட்டுக் கிரிவலம்

காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பஞ்சமில்லை, மலைக்குத்தான் பஞ்சம். கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லாத ஊர். இங்கே இருந்துகொண்டு, பெரு நாட்டு ஆண்டீஸ் மலையில் கெச்சுவா மக்களின் ஊர்கள் வழியாக நடக்கப் போகிறேன் என்றால் எங்கள் பேட்டையான பிள்ளையார்பாளையம் சும்மா விடுமா?

"அங்க என்னப்பா சாமி?" என்றார் பெரியம்மா. சாமி இல்லாத மலையில் மூச்சிரைக்க ஏறுவானேன் என்பது அவர் கட்சி.

அவுசங்காத்தே என்று ஒரு மலை, 6,300 மீட்டருக்கு மேல் உயரம், கெச்சுவா மக்களுக்கு அந்த மலையே தெய்வம், நாம் உச்சிக்கு ஏறுவதில்லை, சுற்றித்தான் வருவோம், சுமார் 70 கிலோமீட்டர், ஐந்தாறு நாள்...

"கிரிவலம்னு முதல்லயே சொல்றதுக்கென்ன?"

அவ்வளவுதான், பைத்தியக்காரத்தனம் புண்ணியமாகிவிட்டது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் சுற்றியவர்கள் எல்லாம் நிபுணர்களானார்கள். வெறுங்காலோடு நடந்தால்தான் பலன் என்றார் எதிர்வீட்டுத் தாத்தா. சில கணவாய்கள் 5,000 மீட்டருக்கு மேலே, பனி கிடக்கும் என்றேன். "சாக்ஸ் போட்டுக்கோ, தோஷமில்லை" என்று சலுகை கொடுத்தார்.

போய் இறங்கும் குஸ்கோ நகரமே சுமார் 3,400 மீட்டர். உடம்பு பழக இரண்டு மூன்று நாள் சும்மா இருக்க வேண்டும். "சும்மா இருக்கவா அவ்ளோ தூரம்? இங்கயே இரேன்" என்றார் பெரியம்மா. 5,000 மீட்டர் உயரக் கணவாய்களில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு சரியாக வேகாது என்றதும்தான் அவருக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது. மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்ட கோயில் இட்லி கட்டித் தருவதாக முடிவானது.

தேதியில் மட்டும் தகராறே வரவில்லை. அங்கே மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத காலம். நடுவில் நம் ஆடி. முகூர்த்தம் கிடையாது, பட்டு வியாபாரம் மந்தம், ஊரே ஓய்வு.

பக்கத்து வீட்டுத் தறிக்கார மாமா மட்டும் மலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. குஸ்கோ பக்கத்தில் சின்சேரோ என்ற ஊரில் பெண்கள் பாவின் ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொண்டு, பின்னால் சாய்ந்து விறைப்பாக்கி நெய்வார்கள் என்றதும் நாடாவைக் கீழே வைத்தார். குழித்தறியில் உட்கார்ந்து, மறுகரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் ஓர் ஆளும் வைத்துக் கோர்வைப் புடவை நெய்கிறவர் அவர்.

"இடுப்போட கட்டிக்கிட்டா, நடுவுல டீ குடிக்க எப்படி எழுந்து போறது?"

வாரைக் கழற்றிவிடலாம், தறியையே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலையேறலாம் என்றேன்.

"அப்போ பாவு குடுத்த முதலாளி நெசவாளியை மலைமலையாத் தேடணும்!"

வெகுநேரம் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, டிக்கெட் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.