கடைசி வார ரசிகர்

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாளிலிருந்து மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தி.நகர்ப் பக்கம் இவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். கழுத்தில் மஃப்ளர், கக்கத்தில் ஒரு குட்டித் திண்டு, சட்டைப் பையில் எட்டாக மடித்த நிகழ்ச்சி நிரல், வாயில் இருமல் மாத்திரை. லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருப்பதை ஆட்டோ சுற்றிக்கொண்டு போவதற்குள் வர்ணம் முடிந்துவிடுமே என்ற கவலை முகத்தில் ஒட்டியிருக்கும். மார்கழி சீசனைக் கடைசி வாரம் வரைக்கும் தாக்குப்பிடித்த ரசிகர் இவர்.

சீசன் தொடக்கத்தில் வேறு ஆளாக இருந்தார். காலை எட்டு மணிக்கு மியூசிக் அகாடமியில் லெக்-டெம், அப்புறம் பாரதிய வித்யா பவன், மத்தியானம் இளசுகளின் இலவசக் கச்சேரி, நாலு மணிக்கு நாரத கான சபா, ராத்திரி கிருஷ்ண கான சபா என்று சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார். எந்தக் கேன்டீனில் என்ன சாப்பிடுவது என்பதும் அதில் அடக்கம். சொல்லப்போனால் முதலில் முடிவானதே அதுதான். பாடகர் சுருதி சேர்த்து வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ‘தர்பார்’ என்று சொல்லிவிடுவார். அது நாயகியாகத் திரும்பினால், ‘முதல்ல தர்பார் மாதிரிதான் காட்டினார்’ என்று பாடகர் மேல் பழியைப் போடுவார். இப்போதோ மோகனத்துக்கே பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்.

இவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாலே சீசனின் சரித்திரம் தெரிந்துவிடும். 15ஆம் தேதிப் பக்கம்: ‘தோடி ஆலாபனை, 22 நிமிஷம். தைவதத்தில் நின்றது அபாரம். வயலின் பதில் சுமார். நிரவல் இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்.’ 22ஆம் தேதி: ‘தோடி. நன்று. கீரை வடை. மிக நன்று.’ 29ஆம் தேதிப் பக்கத்தில் இருப்பது ‘கா.’ என்ற ஒரே எழுத்து. காம்போதியா, கானடாவா, காபியா, காசி அல்வாவா என்று அவருக்கே தெரியவில்லை.

தூக்கம் என்று சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும். ‘கண்ணை மூடிண்டு கேட்கறேன்’ என்பார். தலை சாய்ந்திருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும், குறட்டைகூட மெலிதாகக் கேட்கும். ஆனால் வலது கை மட்டும் தொடையில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் ஒன்றுகூடப் பிசகாது. பாடகர் மிஸ்ர சாபுவுக்குப் போய் வெகு நேரமாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

தனி ஆவர்த்தனத்தில்தான் இவருக்குப் பெரிய கீர்த்தி கிடைத்தது. முதல் வாரத்தில் மிருதங்கத்தில் தனி ஆரம்பித்த சத்தம் கேட்டதும், கேன்டீன் வாசலில் முதல் ஆளாக நின்றவர் இவர். கடைசி வாரத்தில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அரங்கம் பாதி காலியானபோதும் இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மிருதங்க வித்வான் மனம் நெகிழ்ந்துபோய், கஞ்சிராக்காரரிடம் கண்ணைக் காட்டிவிட்டு, இவரைப் பார்த்தே நீளமான கோர்வை ஒன்றை வைத்து முடித்தார். கைதட்டல் சத்தத்தில் விழித்துக்கொண்டவர் ‘பேஷ்!’ என்றார். அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் இவர் லய ஞானஸ்தர்.

மேடையிலும் நிலைமை அப்படியொன்றும் நன்றாக இல்லை. அதே பாடகர்கள்தான் சபா சபாவாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ராகத்தின் மேல்ஸ்தாயியைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அரங்கமே சேர்ந்து ஒருமுறை இருமிக்கொள்கிறது. அதுவரை அடக்கி வைத்திருப்பது இங்கிதம். ரசிகரின் குடும்ப டாக்டர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். டிசம்பரில் கிளினிக்கில் அவரைப் பிடிக்க முடியாது என்பதால், நோயாளிகள் மங்களம் வரை காத்திருந்து வெராந்தாவில் மருந்துச் சீட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

“ஏன்னா, உடம்பு அனலாக் கொதிக்கறது. இன்னிக்கு ஒரு நாள் ஆத்துலேயே ரேடியோல கேட்கப்படாதா?”

“ஆத்துல எனக்குத் தூக்கம் வராதுடி.”

சரி, இத்தனை பாட்டையும் கேட்டு இவருக்கு அலுக்காதா? அலுத்துவிட்டது; எப்போதோ அலுத்துவிட்டது. ஆனாலும் இவரால் நிறுத்த முடியாததற்குக் காரணம் சங்கீதம் இல்லை. கேன்டீன் பெஞ்சில் எதிரே உட்கார்ந்து அடையை அவியலில் தோய்க்கும் இன்னொரு ரசிகர்தான் காரணம்.

“நேத்து சாயங்காலம் எங்கே இருந்தேள்?”

“வாணி மகால்.”

“அடடா! கிருஷ்ண கான சபாவிலே பைரவி கேட்கலையா நீங்க? இனிமே இப்படி ஒரு பைரவி எங்கே சார் கேட்கப்போறோம்!”

முடிந்தது. அடை தொண்டையில் நிற்கிறது. ரெண்டும் தி.நகர்தான், எழுந்து போயிருக்கலாம். வாணி மகாலில் தான் கேட்ட கல்யாணி அந்தக் கணமே ருசி கெட்டுவிடுகிறது. சொன்னவரும் அந்தக் கச்சேரிக்குப் போகவில்லை, அவரிடம் யாரோ சொன்னார்கள் என்பது இவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஆறுதல் கிடையாது. இவ்வளவு பெரிய ஊரில், இத்தனை சபாக்களில், நல்ல கச்சேரி எப்போதும் இவர் இல்லாத சபாவில்தான் நடக்கிறது. அதனால்தான் முதல் பாட்டுக்கு ஓர் இடம், ராகம் தானம் பல்லவிக்கு வேறிடம், துக்கடாவுக்கு மூன்றாவது இடம் என்று ஓட வேண்டியிருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணத்திலிருந்து துக்கடா வரை ஒரு கச்சேரியை அழகாக வரிசைப்படுத்தி வைத்தார். அதை மூன்று சபாக்களில் துண்டு துண்டாக வாங்கி ஆட்டோவில் ஒட்ட வைக்கும் வித்தை இவருடையது.

இடுப்பு ரொம்ப வலிக்கும்போது காங்கிரஸ் கட்சியைத் திட்டுவார். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. ‘ஒரு மாசம் தள்ளி மாநாடு போட்டிருந்தா, இந்தப் பனியில அவஸ்தைப்பட வேண்டாமே!’ 2017இல் யுனெஸ்கோ இசைக்காகச் சென்னையைத் தன் படைப்பாற்றல் நகரங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டபோது பெருமையெல்லாம் பாடியவர்களுக்கே போனது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தேய்ந்தவரை யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 1ஆம் தேதி அகாடமியில் சதஸ். யாரோ ஒருவர் சங்கீத கலாநிதி பட்டம் வாங்குகிறார். பின் வரிசையில் இவர்தான் களைத்த முகத்தோடு அதை ஏற்றுக்கொள்கிறார். ‘இந்த வருஷத்தோடு சரி’ என்று அன்றைக்குச் சொல்வார். அகாடமியின் நாட்டிய விழா அடுத்து வருகிறதே என்றால், ‘நாட்டியத்துக்கும் பாட்டு உண்டே’ என்பார். புஷ்ய பகுள பஞ்சமி ஆராதனைக்குத் திருவையாறு போக உழவன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் எடுத்தாயிற்று.

டிசம்பர் 30ஆம் தேதி வாக்கில் உங்கள் பக்கத்து நாற்காலியில் இவர் வந்து உட்கார்ந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். மங்களம் முடிந்ததும் கைத்தாங்கலாக எழுப்பி ஆட்டோவில் ஏற்றி விடுங்கள். அன்றைக்கு வேறெந்தச் சபாவில் யார் என்ன பாடினார்கள் என்பதை மட்டும், தெரிந்தாலும், சொல்லிவிடாதீர்கள்.