வீட்டை எத்தனை அடி தூக்குவது என அறியக் கோரும் மனு

அனுப்புநர்:
சாலைக்கு ஒரு படி கீழே குடியிருக்கும் வரி செலுத்துபவர்.

பெறுநர்:
சாலை மேம்பாட்டு முன்னுரிமைப் பட்டியல் தயாரிக்கும் உயர் அலுவலர் அவர்கள், எங்கள் ஊர்.

பொருள்: சாலை மேம்பாடு – எங்கள் தெருவைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோருதல் – இயலாவிடில் வீட்டின் உயரம் குறித்து அறிவுரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் வாசற்படிகள் (தாருக்குள் உள்ளன).

ஐயா,

எங்கள் தெருவுக்குப் புதுத் தார் போட நிதி ஒதுக்கியாகிவிட்டது என்று வார்டு அலுவலகத்தில் சொன்னார்கள். கேட்டதிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தூக்கமில்லை.

1978-ல் தாத்தா இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து நாலு படி ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். மேல் படியில் உட்கார்ந்துகொண்டு பாட்டி கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுவாராம். முதல் படி நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. இரண்டாவது போன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது: பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் ரோடு ரோலர் நிற்கிறது, படியைக் காணோம். மிச்ச இரண்டும் எந்தெந்த ஆட்சியில் போயின என்பதில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இன்னும் தகராறு. இப்போது நாங்கள் ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். கீரைக்காரம்மா குனிந்து, கிணற்றுக்குள் விழுந்தவரைக் கூப்பிடுவதுபோல், “அம்மா, இருக்கீங்களா?” என்கிறார்.

மழை பெய்தால் உங்கள் சாலையில் சொட்டு நீர் நிற்பதில்லை. ஒப்பந்ததாரரைப் பாராட்டத்தான் வேண்டும். அத்தனையும் எங்கள் கூடத்தில் நிற்கிறது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குத்தான் புதுசு போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு அனுப்பியதை அறிவேன். தாங்கள் அதை மதிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். போன முறை சுரண்டும் இயந்திரம் வந்தது. தெருமுனையில் அரை நாள் நின்றது. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போய்விட்டது.

இத்தனைக்கும் எங்கள் தெரு நல்ல தெரு. அங்கங்கே மயிரிழை விரிசல்தான். விரிசலில் இறங்கும் தண்ணீர் அடியில் இருக்கும் ஜல்லியை இளக்கினால்தான் பள்ளம் விழும். அதற்கு முன்பே விரிசலை அடைத்துவிட்டால் சில்லறைச் செலவோடு முடியும் என்று சாலைப் பொறியியல் படித்த நண்பன் சொல்கிறான். 0 முதல் 100 வரை சாலைக்கு மதிப்பெண் போடும் முறைகூட இருக்கிறதாம். அதில் நாங்கள் முதல் வகுப்பில் தேறுவோம். அடைக்க வேண்டிய விரிசலுக்கு முழுத் தார் என்பது, சட்டையில் பொத்தான் அறுந்ததற்கு மேலே இன்னொரு சட்டை போடுவது மாதிரி.

பக்கத்துக் கடைத்தெருவைப் பாருங்கள். பஸ், மணல் லாரி, தண்ணீர் லாரி எல்லாம் அதில்தான். அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் சுமார் பதினாறு மடங்கு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் இதற்கென்றே சாலை போட்டு, லாரிகளை ஓட்டிப் பார்த்துக் கண்ட கணக்கு இது. ஆக, அடி வாங்குவது கடைத்தெரு, மருந்து எங்களுக்கு. கடைத்தெருவுக்குப் பேட்ச் ஒர்க், அதன் மேல் கேபிள் பதிக்கக் குழி, குழியின் மேல் மண். காரணம் தெரியாமலில்லை: கல்யாண மண்டபம் எங்கள் தெருவில் இருக்கிறது, அதற்கு அமைச்சர்கள் வருகிறார்கள். கடைத்தெருக்காரர்கள் இப்போது செல்வாக்குள்ள சம்பந்தியாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மனுவுக்கு வருகிறேன். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக் கொடுப்பவரை வரவழைத்தோம். சுவரைத் தட்டினார், தரையைத் தட்டினார், டேப்பைப் பிடித்தார். “மூணடி தூக்கலாம் சார். ஆனா அடுத்த தார் எப்ப போடுவாங்க? அதுக்கடுத்தது?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. “அது தெரியாம எஸ்டிமேட் போட முடியாது” என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டார். எங்களுக்குத் தெரிந்து, சாலைத் திட்டத்தைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்க நினைத்த ஒரே மனிதர் அவர்தான்.

ஆகவே அடுத்த இருபது ஆண்டுகளுக்கான முன்னுரிமைப் பட்டியலைத் தர வேண்டுகிறோம். அப்படி ஒரு பட்டியல் இல்லையென்றால், மண்டபத்து முன்பதிவுப் புத்தகத்தின் நகல் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்வீட்டுக்காரன்.

இணைப்பு: தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை – 1 (பிளாஸ்டிக் பைக்குள்).