வெள்ளிச் சங்கு

தொட்டிலும் கொசுவலையும் முன்கூட்டியே சேகரித்துவிட்ட தம்பதிகளின் வளைகாப்பு வைபவத்திற்கு எழுந்தருளும் பந்துமித்திரர்கள், பிறக்கப்போகும் சிசு ஐந்து வாய்களோடு அவதரிக்கும் என்று அனுமானித்தவர்களைப் போல, ஆளுக்கொரு வெள்ளிச் சங்கை வழங்கிவிட்டு, சித்திரான்னங்களை ருசித்து, ஏப்பத்தோடு ஆசீர்வதித்து விடைபெறுகிறார்கள். நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலுக்கு அழும் அந்த ஜீவனுக்கோ வேண்டியது, துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய வேஷ்டித் துணி. தாய்க்கு வேண்டியது, குழந்தையின் மூக்கு யாருடைய ஜாடை என்று ஆராயாமல் வாசற்படியிலேயே யாரேனும் வைத்துவிட்டுப் போகும் ஒரு தூக்கு மிளகு ரசமும், இரண்டு மணி நேர நித்திரையும். ஆனால் நித்திரையை ஜிகினாத் தாளில் சுற்ற முடியாது. ரசத்தை மொய் நோட்டில் எழுதவும் இயலாது. ஆகவே, லௌகீகம் அறிந்த நானும் போன வாரம் ஒரு சங்கு வாங்கிச் சென்றேன், அது ஆறாவது.