தெருவில் போன பாய்மரக் கப்பல்

படகை டிரெய்லரில் ஏற்றி, பட்டையை இறுக்கி, நாலு தரம் குலுக்கிப் பார்த்தும் மனசு ஆறாதவர்கள் ஆஸ்லோவின் ஒசெபெர்க் வைக்கிங் கப்பலைப் பார்க்க வேண்டும். கி.பி. 820 வாக்கில் கட்டியது, நீளம் 21.5 மீட்டர். 1904இல் மண்மேட்டிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய ஓக் உடம்பு.

1926இல் தெருவில் தண்டவாளம் போட்டு அதைத் துறைமுகத்துக்கு உருட்டினார்கள். பிறகு அருங்காட்சியகத்துக்கு மிதவைப் பயணம். அலைகளை ஆண்ட கப்பல், கடலையும் பயணியாகவே கடந்தது!

2025 செப்டம்பரில் மறுபடி வீடு மாற்றம். எஃகுச் சட்டத்துக்குள் பொத்தி, கிரேனில் தொங்கவிட்டு, பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு நூறு மீட்டர் சொச்சம் நகர்த்தினார்கள். சுமார் பத்து மணி நேரம். அதற்குள் அந்தக் கால வைக்கிங்குகள் ஒரு கடற்கரை ஊரையே சூறையாடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.