எதுக்கும் ஒரு காப்பி

மதுரைக் கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடையாகட்டும், விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடையாகட்டும், வாடிப்பட்டிப் பக்கத்து அரிசி ஆலையாகட்டும், கல்லாவுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதன் முன்னால் ‘சிஸ்டம் அண்ணே’ இருப்பார். சம்பளப் பட்டியலில் அவர் கணக்கர். சில இடங்களில் முதலாளியின் மைத்துனர். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு பில் போடுகிற வேலை வேறு மென்பொருளுக்குப் போய்விட்டது. ஆனால் மேலூர்க் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, உசிலம்பட்டிக்காரர் எந்தத் தேதிக்குத் தவணை சொன்னார் என்கிற விவரமெல்லாம் இன்னும் அண்ணன் கைப்பட உருவாக்கிய மைக்ரோசாப்ட் அக்சஸ் டேட்டாபேஸ் ஃபைலில்தான். அந்த அக்சஸில் அவர் பட்டா வாங்கி வைத்திருக்கும் இடம் ஒன்றே ஒன்று: இடது மேல்மூலை ஃபைல் மெனு. குவெரி, ரிலேஷன்ஷிப் என்று யாராவது வாயெடுத்தால், “அதெல்லாம் புரோகிராம் எழுதுறவுக வேலை” என்று ஒதுங்கிவிடுவார். நியூ, ஓப்பன், சேவ், சேவ் ஆஸ், பிரிண்ட், குளோஸ் ஆகிய ஆறையும் வைத்தே ஒரு கடையின் கடன் வரவை நடத்திவிடுவார். 2007இல் மைக்ரோசாப்ட் அந்த மெனுவை எடுத்துவிட்டு உருண்டையாக ஒரு பொத்தானை வைத்தபோது அவர் பட்ட வேதனை கொஞ்சமில்லை. 2010இல் ஃபைல் என்ற பெயர் திரும்பி வந்த பிறகுதான் உயிர் வந்தது. இவரைக் கம்ப்யூட்டர் தெரியாதவர் என்று சிரித்துவிட்டுப் போகலாம். என் கட்சி வேறு: அவருக்குக் காகிதக் கணக்கு அளவுக்கு மீறித் தெரியும்; அந்தப் பழக்கத்தையே கம்ப்யூட்டருக்கும் கொண்டுவருகிறார். வினையெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

முதல் சாட்சி சேவ். ஒரு தொகையை அடிப்பார், சேவ். பெயரில் ஒரு புள்ளி வைப்பார், சேவ். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனவர் செருப்பு டோக்கனைச் சட்டைப்பையில் அடிக்கடி தடவிப் பார்ப்பதுபோல, ஒன்றுமே அடிக்காதபோதும் ஒரு சேவ். அக்சஸோ இதற்காகக் காத்திருப்பதில்லை. ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குக் கர்சர் நகர்ந்ததுமே முந்தைய வரி ஃபைலில் ஏறிவிடுகிறது. அடித்துக்கொண்டிருக்கும்போது வரியின் இடது ஓரத்தில் குட்டிப் பென்சில் ஒன்று தெரியும். அது மறைந்தால் கணக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். ஃபைல் மெனு சேவ் முக்கியமாகக் காப்பாற்றுவது படிவத்தின் அமைப்பையும் பத்தியின் அகலத்தையும்தான். நீளமான பெயர் ஒன்றைப் படிக்கப் பத்தியை இழுத்து அகலப்படுத்தியிருப்பார். மூடும்போது, ‘லேஅவுட் மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று அக்சஸ் கேட்கும். ‘வேண்டாம்’ என்றால் அன்றைய வசூலே போய்விடும் என்று பயந்து ‘ஆமாம்’ என்பார். மறுநாள் பெயர்கள் கம்பீரமாக நிற்கும்; பாக்கித் தொகை திரைக்கு வெளியே போயிருக்கும். பிரிண்ட் கொடுத்தாலும் அதே கதை: தாளில் அடங்காத பத்திகள் அடுத்தடுத்த தாளுக்குப் போக, பெயர் ஒரு தாளிலும் தொகை இன்னொரு தாளிலுமாகப் பிரிந்து வரும்.

சேவால் வருவது வெறும் தமாஷ். சேவ் ஆஸால் வருவது நஷ்டம். அண்ணனுடைய கம்ப்யூட்டரில் ‘பாக்கி’, ‘பாக்கி புதுசு’, ‘பாக்கி ஃபைனல்’, ‘பாக்கி ஒரிஜினல் ஃபைனல்’, ‘சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி’, ‘ஆடிட்டருக்கு’, ‘இதத் தொடாதீங்க’ என்று வரிசையாக நிற்கும். இவை ஃபைல்களாக மட்டும் இருந்தால் பாதகமில்லை. டேட்டாபேஸை வேறு பெயரில் சேவ் ஆஸ் செய்தால் அக்சஸ் பழையதை மூடிவிட்டுப் புதிய காப்பியைத் திறந்து வைக்கும். அதன்பின் அடிப்பதெல்லாம் காப்பியில்தான் ஏறும். திரையில் இருக்கும் ஷார்ட்கட்டோ பழைய ஃபைலைத்தான் திறக்கும். செவ்வாய்க்கிழமை ஒருவர் கட்டிய 12,000 ரூபாய் ‘ஃபைனல்’ ஃபைலில் ஏறியிருக்க, புதன்கிழமை வசூலுக்குப் போகும் பையன் பழைய ‘பாக்கி’யிலிருந்து பட்டியல் எடுத்துக்கொண்டு போவான். அவன் திட்டு வாங்கி வந்ததும் அண்ணன் கண்டுபிடிக்கும் பரிகாரம், இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒரு சேவ் ஆஸ். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற கருத்தை முன்வைத்த கட்டுரையிலேயே, ஒரே விவரம் பல இடத்தில் கிடந்தால் என்னென்ன முரண்பாடு வரும் என்று கவலைப்பட்டிருக்கிறார். அவர் கவலைப்பட்டது ஒரு டேட்டாபேஸுக்குள் நடப்பதைப் பற்றி. டேட்டாபேஸே பல பிரதிகளாகப் பெருகும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

அண்ணனுக்கு ஆதரவாகப் பேச ஆள் உண்டு. கரண்ட் போன காலத்தை மறந்துவிட்டீர்களா என்பார்கள். மறக்க முடியாதுதான். 2012 வாக்கில் சென்னையைத் தாண்டிய தமிழ்நாட்டில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு. யுபிஎஸ் கீச்சிடும் சத்தத்தில் வேலை பழகியவருக்குச் சேவ் என்பது அனிச்சைச் செயல். நியாயமான பயம், ஆனால் அதற்கு மருந்து இதுவல்ல. கரண்ட் போகும்போது வழக்கமாகப் போவது பென்சில் தெரிகிற அந்த ஒரு வரி மட்டுமே. பாதி எழுதும்போது நின்றால் ஃபைலே பழுதாகவும் வாய்ப்புண்டு. அதற்கு உதவுவது அதே மெனுவில் அண்ணன் தொட்டுப் பார்க்காத ‘காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்’. அழித்த வரிகள் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை மீட்பதும் அதுதான். இதைச் செய்யாமல் ஃபைல் ஊதிக்கொண்டே போய் 2 ஜிபி என்ற எல்லையை முட்டினால், எத்தனை சேவ் தட்டினாலும் ஒரு வரிகூட ஏறாது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. சிட்டையில் எழுதிப் பேரேட்டில் ஏற்றிய கணக்குப்பிள்ளை பரம்பரையில், ஒன்றை இரண்டு இடத்தில் வைப்பதுதானே புத்திசாலித்தனம்? உண்மைதான். ஆனால் சிட்டை வேறு, பேரேடு வேறு. இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை பிடித்தார்கள். ஒரே தேதிக்கு இரண்டு பேரேட்டைத் திறந்து வைத்து மாறிமாறி எழுதிய கணக்குப்பிள்ளை இருந்திருந்தால், அவருடைய நோக்கம் வேறாக இருந்திருக்கும். வருமானவரிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அழித்துவிட்டு ‘ஆமாம்’ என்று உறுதி சொன்ன வரியை அக்சஸ் திருப்பித் தராது என்பதும் சரியே. ஆகவே காப்பி வேண்டும். அதற்கென்றே ‘பேக் அப் டேட்டாபேஸ்’ இருக்கிறது: பெயரோடு அன்றைய தேதியை அதுவே சேர்த்துக்கொள்ளும், காப்பியை ஓரமாக வைத்துவிட்டு உங்களை அசலிலேயே விட்டுவிடும். அந்தக் காப்பியையும் அதே கம்ப்யூட்டரில் வைக்காமல் பென் டிரைவில் போட்டு முதலாளி வீட்டுக்கு அனுப்பினால் இன்னும் உத்தமம். லிப்ரே ஆபிஸ் பேஸ் வைத்திருப்பவர்கள், எங்கள் மென்பொருளில் சேவ் தட்டாவிட்டால் கணக்கே தங்காது என்பார்கள். ஃபைலுக்குள்ளேயே தரவை வைக்கும் அதன் வழக்கமான அமைப்பில் அது நிஜம். அங்கே அண்ணனின் விரலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அங்கும் சேவ் ஆஸ் அதே சேவ் ஆஸ்தான்.

இத்தனைக்கும் பிறகு அண்ணன் மாறுவாரா என்றால், அவரை மாறச் சொல்லி வற்புறுத்த யாருக்கும் அவசரம் இல்லை. காப்பிகள் ஒன்றோடொன்று முரண்படும்போது, நடைமுறையில் ஜெயிப்பது எப்போதும் குறைந்த தொகைதான். கூடுதல் தொகை காட்டும் தாளைக் கடன்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். குறைந்த தொகை காட்டும் தாளைக் கடை மறுக்க முடியாது, அதில் கடையின் சீல் விழுந்திருக்கிறது. மதுரையைச் சுற்றிப் பாக்கி வைத்திருக்கும் வியாபாரிகளிடம் விசாரித்துப் பாருங்கள்: முதலாளியைக் குறை சொல்வார்கள், சரக்கைக் குறை சொல்வார்கள், சிஸ்டம் அண்ணனை மட்டும் தங்கமான மனுஷன் என்பார்கள்.